ஒரு கோலுக்கு ஒரு மிஸ்டு கால்

மார்ச் 2, ஞாயிறு

கோல் இல்லாத டிரா. தொண்ணூறு நிமிடம் வெயிலில் உட்கார்ந்ததற்கு வலது கன்னம் கறுத்ததுதான் மிச்சம். பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணி நம்ம மைதானத்துக்கு வருகிறது. நம்ம கோச் பயந்துபோய் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துகிறார். யாரிடமிருந்து எதைக் காப்பாற்ற? சுருட்டை முடிக்காரன் இடது ஓரத்தில் தனியாக ஓடி ஓடிக் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். ஒருத்தனும் அவனுக்குப் பந்து தரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

என் இருக்கை பதினான்கு. பதினைந்து தம்பியுடையது. அதில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. அவனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது நான்தான் கையைப் பிடித்து முதல் தடவை கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மா இறந்த வருடம் அது. வீட்டில் அழுதுகொண்டே இருந்தான், எங்கேயாவது கூட்டிப் போகலாமே என்று வந்தோம். அதிலிருந்து பத்தொன்பது வருடம், இதே இரண்டு இருக்கைகள். போன வருடம் கல்யாணமாகி மனைவியின் ஊருக்கே போய்விட்டான். ரயிலில் நான்கு மணி நேரம். மாதத்துக்கு ஒரு மேட்சாவது வந்துவிடுவேன்க்கா என்றான். இந்த சீசனில் வந்தது இரண்டே தடவை.

பின்வரிசையில் ஒருத்தர் மேட்ச் முழுக்கக் கத்துவார், தொண்டையே கட்டாது. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பேட்டரி. "என்னம்மா, இன்னைக்கும் தம்பி வரலையா?" என்றார். வேலை என்றேன். போன தடவை காய்ச்சல் என்று சொன்னதாக ஞாபகம்.

மார்ச் 5, புதன்

அடுத்த மாத மேட்சுக்குத் தேசிய அணியை அறிவித்துவிட்டார்கள். நம்ம கோல்கீப்பர் இல்லை! மூங்கில் இல்லை! ஆறடி நாலு அங்குலத்துக்கு வளர்ந்து, இந்த சீசனில் பதினொரு மேட்ச் ஒரு கோல்கூட விடாதவன், தேர்வுக் குழுவின் கண்ணில் படவில்லையாம். கண்ணில் கோளாறு என்றால் கடைக்கு வரச் சொல்லுங்கள். நானே லென்ஸ் வெட்டிப் பொருத்தித் தருகிறேன்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இதைத்தான் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைப்பு. முதலாளி எட்டிப் பார்த்தார். "அது என்னம்மா, கிளப்புன்னா 'நாம ஜெயிச்சோம்'ங்கற, நாட்டு டீம்னா 'அவங்க தோத்துட்டாங்க'ங்கற?"

"அவங்க விளையாடுறதப் பாத்திருக்கீங்களா சார்? பந்தக் கையெழுத்துக்கு வந்த ஃபைல் மாதிரி ஆளாளுக்குத் தள்ளி விடுறாங்க. அதுக்கு நாமன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. நாம என்பது சும்மா வருகிற வார்த்தையா?

மார்ச் 7, வெள்ளி

தம்பிக்கு ஃபோன் போட்டேன். மூங்கிலை விட்டதற்கு என்னைவிடக் கொதித்துப்போயிருப்பான் என்று நினைத்தேன். "விடுக்கா, எங்க கீப்பரத்தானே எடுத்திருக்காங்க. அவனும் நல்ல ஆளுதான்" என்கிறான்.

எங்க கீப்பர்.

முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, மனைவி ஊர் கிளப்பைச் சொல்கிறான். மாமனார், மச்சான் எல்லாரும் சேர்ந்து போகிறார்களாம். "நாங்க போன வாரம் அந்தக் கடைசி நிமிஷ கோல் போட்டோமே, பாத்தியா?"

பார்த்தேன்டா. உன் தொண்டையிலிருந்து அந்த 'நாங்க' வருகிறதைத்தான் இப்போது முதல் தடவையாகக் கேட்கிறேன்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். குரல் கொஞ்சம் டல்லாக இருந்தது போலவும் பட்டது. வேலைக் களைப்பாக இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று – பூஜ்யம்! அவனுடைய புது கிளப்பை நம்ம மைதானத்திலேயே வைத்து மூன்று! சுருட்டை இரண்டு போட்டான். அந்தத் தேசியக் கோல்கீப்பர் ஐயா மூன்றாவது கோலுக்குப் பந்து போன திசைக்கு எதிர்த்திசையில் விழுந்தார். பேட்டரி என் தலைக்கு மேலே நின்று கத்தியதில் இடது காது இன்னும் அடைத்திருக்கிறது.

விசில் ஊதியதும் ஃபோனை எடுத்தேன். ஒரு ரிங், கட். ஒரு ரிங், கட். ஒரு ரிங், கட்.

இது எங்கள் வீட்டு விளையாட்டு. மாமா ஒருத்தர் எதிரணிக்காரர். அவர் கிளப் தோற்றால், அது எத்தனை கோல் வாங்கியதோ அத்தனை மிஸ்டு கால் கொடுப்போம். தம்பிதான் டயல் செய்வான், நான் எண்ணிச் சொல்வேன். மாமா ஒரு தடவைகூட எடுக்க மாட்டார், ஆனால் அடுத்த நாள் வந்து சண்டை போடுவார்.

இன்றைக்குத் தம்பிக்கே கொடுத்தேன். வெறுப்பேற்றத்தான். சிரித்துக்கொண்டே திருப்பிக் கூப்பிடுவான் என்றுதான்.

கூப்பிட்டான்.

"உனக்கு அறிவிருக்காக்கா? அவளுக்கு மார்ல கட்டி, சாம்பிள் எடுத்து அனுப்பியிருக்கு. ஞாயித்துக்கிழமைன்னாலும் கூப்பிட்டுச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வருது. மூணு தடவை! நாங்க இங்க எந்த நிலமையில இருக்கோம், நீ கோல் எண்ணிட்டிருக்க."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. "எங்கிட்ட யாருடா சொன்னீங்க?" என்றுதான் வந்தது. அதோடு விட்டேனா? "உன் பொண்டாட்டி ஊருக்குப் போனதும் ஜெர்சிய மட்டுமா மாத்தின, அக்காவையும்ல மாத்திட்ட."

வைத்துவிட்டான்.

எத்தனை நாளாக இந்தக் கட்டி? பத்து நாளா, பதினைந்து நாளா? அந்த வெள்ளிக்கிழமை குரல் டல்லாக இருந்ததே, அப்பவே தெரியுமா அவனுக்கு? கேட்டிருந்தா சொல்லியிருப்பானோ? நான் எங்க கேட்டேன். கீப்பரப் பத்திப் பேசினேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் பொருத்திவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் இது நடந்ததே இல்லை. போட்டுப் பார்த்த அந்தம்மா தரை மேலே வருகிறது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தம்பிக்கு நேற்று இரண்டு தடவை, இன்றைக்கு ஒரு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடைசியில் பயமாகப் போய்விட்டது. என் ஃபோனே அங்கே மணியடிக்கக் கூடாதோ? மெசேஜ் மட்டும் அனுப்பினேன்: 'எப்படி இருக்கா?'

மார்ச் 22, சனி

ஒன்றும் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

தம்பி மனைவியிடமிருந்து மெசேஜ். சாதாரணக் கட்டிதானாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். "உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும் அக்கா. ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணியிருந்தோம். அவர் கோபம் உங்களுக்குத் தெரியுமே, கொஞ்ச நாள் விடுங்க."

பின்னறையில் இயந்திரத்தை ஓடவிட்டு அழுதேன். அவள் பிழைத்தாள் என்ற நிம்மதி பாதி. மீதி, யாருக்கும் வேண்டாம் என்ற அந்த 'யாருக்கும்'. அதில் நானும்தானே ஒருத்தி.

நல்ல பெண். எனக்கு அவளிடம் ஒரு கோபமும் இல்லை. அவன் கோபம் எனக்குத் தெரியும்தான். பதிமூன்று வயதில் என்னிடம் ஒன்பது நாள் பேசாமல் இருந்தான், ஆனால் நான் பிசைந்து வைத்த சோற்றைத் தின்றுகொண்டே பேசாமல் இருந்தான்.

ஏப்ரல் 2, புதன்

கிளப்பிலிருந்து கடிதம். அடுத்த சீசனுக்கும் அதே இருக்கை வேண்டுமென்றால் இருபதாம் தேதிக்குள் உறுதி செய்ய வேண்டும். இருக்கை யார் பெயரிலோ அவரேதான் செய்ய வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் முடியாது.

அதை அப்படியே தம்பிக்கு அனுப்பி, கீழே 'பதினஞ்சு?' என்று மட்டும் எழுதினேன். பார்த்துவிட்டான் என்று ஃபோன் காட்டுகிறது. பதில் இல்லை.

என்னுடையதையும் நான் இன்னும் உறுதி செய்யவில்லை. அவன் வராத மைதானத்தில் எனக்கு என்ன வேலை? கிளப் கிளப் என்று இத்தனை வருடம் உயிரைக் கொடுத்துக் கத்தினேனே, அது கிளப்புக்காகத்தானா? தெரியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாம ஜெயித்தோம். ஒன்று – பூஜ்யம், எண்பத்தெட்டாவது நிமிடம். கோச்சுக்கு இப்போதுதான் ஞானம் வந்து நான்கு பேரைப் பின்னால் நிறுத்தினார், சுருட்டைக்கும் பந்து போனது. அழகான கோல். எல்லாரும் எழுந்தார்கள். நானும் எழுந்து வலது பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்துவிட்டேன்.

அங்கே கைப்பை.

அப்படியே கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினேன், அதற்குத்தான் விரித்தது மாதிரி. பேட்டரி பார்த்திருப்பார். வாயே மூடாத மனுஷன் இதற்கு மட்டும் சும்மா இருந்தார்.

வெளியே வரும்போது கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் அவன் பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வருவான், தொலைந்துவிடாமல் இருக்க. மீசை முளைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாயங்காலம் நான்கு மணிக்குத் தேசிய அணி மேட்ச். தோற்றால் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே. திட்டுவதற்காகவே டிவி முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் மடிக்க வேண்டிய துணிகள்.

திட்டுவதற்குப் பஞ்சமே இல்லை. பின்னாலேயே பந்தைத் தட்டித் தட்டி, எதிரிக்கே கொண்டுபோய்க் கொடுத்து, பதினாறாவது நிமிடம் ஒரு கோல் வாங்கினார்கள். பாதி நேரத்துக்கு முன்னால் எப்படியோ ஒன்று திருப்பினார்கள். அறுபதாவது நிமிடம் எதிரிக்குப் பெனால்டி. தம்பியின் அந்த 'எங்க கீப்பர்' நிற்கிறான். நன்றாக வாங்கட்டும், மூங்கிலை விட்டதற்கு இது வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். சத்தியமாக.

அவன் வலது பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டான். "பிடிச்சுட்டான்டா!" என்று கத்தி எழுந்துவிட்டேன். எழுந்து துணிகள் பக்கம் திரும்பி நிற்கிறேன்.

எனக்கே வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்தேன். அந்த ஊரில் மாமனார் வீட்டுக் கூடத்தில் அவனும் இப்போது எழுந்து நின்றிருப்பான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு திட்ட வரவில்லை. "போடுங்கடா, ஒண்ணே ஒண்ணு போடுங்கடா" என்று முனகிக்கொண்டே இருந்தேன். போடவில்லை. எண்பத்தொன்பதாவது நிமிடம் எதிரி போட்டான். ஒன்று – இரண்டு. வெளியே.

டிவியை அணைத்தேன். ஃபோன் ஒரு ரிங் அடித்துக் கட் ஆனது.

தம்பி பெயர்.

இன்னொரு ரிங், கட். யாரை வெறுப்பேற்றுகிறான்? மூன்றாவதாக அடித்தது. நிற்கவில்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"அவங்க ரெண்டு கோல்தானேடா போட்டாங்க, மூணாவது எதுக்கு?"

"நீ எடுக்கணும்னு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவனா நானா என்று தெரியவில்லை. அப்புறம் சொன்னான், "நாம தோத்துட்டோம்க்கா."

"ஆமாடா. பெனால்டியப் பிடிச்சான் பாரு, மனசு அடிச்சுக்குது."

"நீயா சொல்ற? எங்க கீப்பரயா?"

"நம்ம கீப்பர்டா இன்னைக்கு."

அரை மணி நேரம் திட்டினோம், கோச்சை, நடு ஆட்டக்காரர்களை, தேர்வுக் குழுவை. மூங்கில் இருந்திருந்தால் இரண்டாவது கோல் போயிருக்காது என்று அவனே ஒத்துக்கொண்டான். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாளாம். "அன்னைக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்க்கா. உன்கிட்ட சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்துட்டேன்." நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அப்போதுதான் கேட்டேன்.

கடைசியில், வைக்கப்போகும்போது, மெதுவாகச் சொன்னான், "பதினஞ்ச விட்டுடலாம்க்கா. நான் வருவேன் வருவேன்னு உன்ன உக்கார வெச்சு ஏமாத்திட்டிருக்கேன்."

சரிடா என்றேன். வருவேன் என்று அவன் மறுபடியும் பொய் சொல்லவில்லை, அது வரைக்கும் நல்லது.

ஏப்ரல் 14, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் பதினான்கை உறுதி செய்தேன். தம்பி ராத்திரியே விட்டுக்கொடுத்துவிட்டான் போல, பதினைந்துக்கு நேராக 'காலி' என்று வந்தது. யாராவது எடுத்துக்கொள்வார்கள். நன்றாகக் கத்துகிற ஆளாக இருந்தால் சரி. கைப்பையை இனி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் நுழைந்ததும் முதலாளி ஆரம்பித்துவிட்டார். "என்னம்மா, நேத்து அவங்க தோத்து வெளிய போயிட்டாங்களாமே! நீ சொன்ன மாதிரியே ஆச்சு. உனக்குச் சந்தோஷம்தானே?"

"அவங்க இல்ல சார்" என்றேன். "நாம தோத்துட்டோம்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் பின்னறைக்குப் போய் இயந்திரத்தைப் போட்டேன்.