பத்தொன்பதாம் நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.6.2024

அன்புள்ள யோகேஸ்வரி அப்பாவுக்கு,

அனுசியா எழுதுவது. அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறதாம், மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வலது கை நன்றாக இருப்பதால் எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனைக் கழற்றாமலே “ம்” கொட்டுகிறீர்கள். கடிதத்தையாவது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படிப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு தரம் கூப்பிட்டேன். “செத்த நேரம் பொறு, சத்தம் கேக்குது” என்றீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற கப்பலின் சத்தம். பக்கத்து வீட்டு ஜெயபாய்தான் வந்து தூக்கினாள்.

கடற்படையிலிருந்து வந்து மூன்று வருஷமாகிறது. மில்லில் சம்பளமில்லா லீவு போட்டு, நாற்பத்தொரு நாளும் அந்த நீர்மூழ்கியை விட்டு எழமாட்டேன் என்றால் நான் என்னவென்று நினைப்பது? வேகமாக ஓட்ட அதில் வசதி இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படி ஓட்டி முடித்துவிட்டு வரக்கூடாதா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மாவு பிரிட்ஜில் இருக்கிறது.

இப்படிக்கு,
யோகேஸ்வரி அம்மா

*

இராஜபாளையம்
3.7.2024

அன்புள்ள அனுசியாவுக்கு,

உன் கையை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. மன்னித்துவிடு என்று எழுதுவது சுலபம். ஆனாலும் எழுதுகிறேன்.

நீ கேட்ட வேகத்தைப் பற்றித்தான் இதை விளையாடுகிற எல்லோருக்கும் சண்டை. ஆயிரம் மடங்கு வரை ஓட்டலாம். ஒரு முழு நாள் ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். பத்து நாளில் ஒன்பது நாள் வெறும் தண்ணீர்தான், அதை வேகமாகத் தள்ளு, எதிரி வந்தால் நிதானமாக ஓட்டு என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த வேகத்தில் சத்தம் ஒன்றும் சரியாகக் காதில் விழாது. நான் கப்பலில் பதினைந்து வருஷம் பார்த்ததே தண்ணீருக்கடியில் வருகிற சத்தத்தைக் காதால் கேட்கிற வேலை.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நம் பிள்ளை யோகேஸ்வரி போனது எங்கள் நீர்மூழ்கி புறப்பட்ட பத்தொன்பதாம் நாள். நாற்பத்தோராம் நாள் கரைக்கு வருகிறவரை எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவே இல்லை, அனுசியா. சாப்பிட்டிருப்பேன். யாரோடாவது சிரித்திருப்பேன். எது வெறும் நாள், எது கவனிக்க வேண்டிய நாள் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? எனக்கு அது வெறும் நாளாகவே போயிருக்கிறது. அதனால்தான் அதே தேதியில், ஜூன் இருபத்தாறில் இந்த விளையாட்டிலும் புறப்பட்டேன். இந்தத் தடவை அந்த நாளை முழுசாக விழித்திருந்து கடக்க வேண்டும்.

கையை அசைக்காதே.

அன்புடன்,
சுந்தரபாண்டியன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
7.7.2024

அன்புள்ள யோகேஸ்வரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். பிறகு கோபம் வந்தது.

அந்த நாள் அந்தப் பெட்டிக்குள் இல்லை. என்னிடம் இருக்கிறது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் விடியலில் ஆரம்பித்து, மதுரைக்கு ஆம்புலன்ஸில் போகிறவரை, ஒவ்வொரு மணி நேரமும் என்னிடம் அப்படியே இருக்கிறது. எட்டு வருஷமாக நீங்கள் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து இருபத்திரண்டாம் நாள் வந்தீர்கள். அவளுடைய பையையும் செருப்பையும் பரண்மேல் போட்டீர்கள். நான் சொல்ல வாயெடுத்தபோது “பேசாத அனுசியா, என்னால தாங்க ஏலாது” என்றீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு பதினாலாம் தேதி அவள் திதி. உங்கள் கணக்கில் அதுதான் பத்தொன்பதாம் நாள். அக்காவும் அத்தானும் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள், சாயங்காலம்தான் வருவார்கள். காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். அரைமணி நேர பஸ். காலையிலிருந்து நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், கேட்டால் போதும்.

இதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

யோகேஸ்வரி அம்மா

*

இராஜபாளையம்
15.7.2024

அனுசியா,

நேற்று நான் வராததற்குக் காரணம் எழுதுகிறேன். சாக்கு என்று நீ நினைத்தால் அதுவும் சரிதான்.

குளித்தேன். வெள்ளைச் சட்டை போட்டேன். எட்டு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஏழு பஸ் போனது. ஒரு கண்டக்டர், “அண்ணாச்சி, வாரியளா இல்லையா?” என்று அதட்டினார். நான் ஏறவில்லை. நீ சொல்லிவிட்டால் அது நிஜமாக நடந்துவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். பத்தரைக்கு வீட்டுக்குத் திரும்பினேன்.

அந்த நாளையாவது விழித்திருந்து கடப்போம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெறும் தண்ணீர். மூன்று மணி ஆனது. அன்றைக்கு இந்நேரம் நீயும் அவளும் ஆம்புலன்ஸில் எந்த ஊர் தாண்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. வேகத்தை ஆயிரத்துக்குக் கூட்டிவிட்டேன். நான் நிறுத்தியபோது விளையாட்டில் இருபத்திரண்டாம் நாள். கப்பல் எப்போதோ மூழ்கியிருந்தது. எது அடித்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. அவள் என்னைக் கேட்டாளா?

சுந்தரபாண்டியன்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.7.2024

திரு. சுந்தரபாண்டியன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியிலிருந்து வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஆறு மணிக்கு அக்கா வந்து, “ஏட்டி, சாப்பிடாம இருக்கியா?” என்றாள். அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க ஆகும் என்று எட்டு வருஷமாக நினைத்திருந்தேன். முக்கால் மணி நேரம்தான் ஆயிற்று. இனி அதை இன்னொரு தரம் சொல்ல என்னால் முடியாது. சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில்.

கேட்டாள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கண் திறந்து, “அப்பா வருதாகளா?” என்றாள். “வாராக, கிட்ட வந்துட்டாக” என்றேன். அவள் நம்பினாள். வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை பார்வையை எடுக்கவில்லை.

நான் பார்த்த பேண்டேஜ் கம்பெனி வேலையை விட்டுவிட்டதாக அங்கே சொல்லியாயிற்று. என் துணிகளையும் பரண்மேல் இருக்கிற பையையும் எடுக்க அத்தான் ஞாயிறன்று வருவார். பையை மட்டும் திறந்து பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அனுசியா