ஒரு கூடு, இரண்டு குப்பி

அன்று நான் உன்னிடம், "காட்டுக்கு வேண்டாம், வீட்டிலேயே இரு" என்று சொல்லவில்லை. அனுமந்தையில் உன் வீட்டு வாசலிலேயே என்னை நிறுத்தி, "நீ சொன்னா பாப்பா கேப்பா, வேணாம்னு சொல்லும்மா" என்று உன் அம்மா கேட்டும் சொல்லவில்லை. இன்று காலை ஆய்வகத்தில் பழைய குப்பி ஒன்றைத் திறந்தேன். ஸ்பிரிட்டின் நெடிக்கு அடியில் மக்கிய மரத்தின் வாசனை. அதனால்தான் எழுதுகிறேன்.

உப்பளங்களைத் தாண்டி இருக்கும் அந்தக் கோயில் காட்டில் என்னென்ன எறும்புகள் வாழ்கின்றன என்று நாம் இருவரும் தேடிக்கொண்டிருந்த வருடம் அது. அங்கே விழுந்த மரத்தை யாரும் விறகுக்குத் தொடுவதில்லை, அது சாமிக்கு உரியது. கட்டைகள் கிடந்த இடத்திலேயே மக்குகின்றன, எறும்புகள் குடியேறுகின்றன.

நான் ஒரு கட்டையை உடைத்து வெள்ளைத் தட்டில் உதறினேன். பெரிய தலையும் கருஞ்சிவப்பு நிறமும் கொண்டவற்றை ஒரு குப்பியிலும், வெளிர்மஞ்சளாய் இருந்த பொடிசுகளை இன்னொன்றிலும் போட்டு, இரண்டு இனம் என்றேன். நீ லென்ஸில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"எங்க வீட்ல அண்ணன் தடியன், தம்பி நோஞ்சான். அதுக்குன்னு ரெண்டு ரேஷன் கார்டா வாங்கினோம்?"

ஒரே கூட்டில் இரண்டு உருவம் இருக்கும் எறும்புகளைப் பற்றி நானும் படித்திருந்தேன். ஆனால் இந்தப் பெரியவை இந்தச் சிறியவற்றின் உறவுதானா? உதறியதில் பக்கத்துக் கூடுகளெல்லாம் கலந்துவிட்டிருந்தன. கலையாத கூடு ஒன்றைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றேன். பார்த்துவிடலாம் என்றாய்.

அதற்குள் உனக்குச் சென்னையில் ஆபரேஷன் என்று முடிவானது. கட்டையை உன்னிடம் கொண்டுவரப் பூசாரியிடம் கேட்டேன். "எறும்பு எவ்ளோ வேணா புடிச்சிக்குங்க. கட்ட மட்டும் வெளிய போகக் கூடாதும்மா" என்றார். போனில் சொன்னதும் நீ யோசிக்கவே இல்லை.

"அப்போ நாமதான் அதுங்க வீட்டுக்குப் போகணும். அதான முறை."

அப்படித்தான் உன்னை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள் முடியும் வரை என் தோளைப் பிடித்திருந்தாய். பிடியில் பலம் இல்லை. காட்டில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்ததும் அதிகாரம் மட்டும் திரும்பிவிட்டது. "உதறாதடி. மீன் ஆயுற மாதிரி பதமா பிரி."

கட்டையின் பட்டையைக் கத்தி நுனியால் மெல்லத் தூக்கினேன். உள்ளே வெள்ளைக் கூட்டுப்புழுக்கள். பொடிசுகள் அவற்றைக் கவ்விக்கொண்டு ஓடின. பெருந்தலை ஒன்று விரிசலை அடைத்து நின்றது. சற்றுப் பொறுத்து ஒரு பொடிசு திரும்பிவந்து, அதன் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாய்.

"சோறே போட்டுடுச்சு. இன்னும் என்னடி பேச்சு?"

ஒத்துக்கொண்டேன். சிலவற்றை மட்டும் குப்பியில் எடுத்தோம். ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால் சீட்டை நீ எழுதினாய். பட்டையைப் பழையபடி மூடி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாய். வீடு திரும்பியபோது உன் முகத்தைப் பார்த்த அம்மா இரண்டு தட்டு எடுத்துவைத்தார்.

வேண்டாம் என்று உன்னிடம் சொல்லாதது சரிதானா என்று ஆரம்பத்தில் என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. இப்போது கேட்பதில்லை. காட்டுக்கு என்னோடு புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது உன் வார்த்தையைத்தான்: உதறாதே.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் விழிக்கவில்லை. அதன்பின் ஒருநாள், நான் முதலில் இரண்டாகப் பிரித்துவைத்தவற்றை லென்ஸில் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து, ஒரே குப்பியில் சேர்த்து, உன் பென்சில் சீட்டை உள்ளே போட்டு மூடினேன்.