திரு. இசோமுராவைப் பற்றி நான் விசாரித்தவை

கார்ட்டியர்வில், மொன்றியல்
பெப்ரவரி 16

என் அன்பு மகள் வினோஜாவுக்கு,

ஆண்டவரின் அருள் உன்னைச் சூழ்ந்திருப்பதாக. நான் சுகம். முழங்கால் நோவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் நான் மயங்கி விழுந்தேன் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நான் விழவில்லை, உட்கார்ந்தேன். எல்லோரும் நின்ற நேரத்தில் உட்கார்ந்தது உண்மைதான். பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் பிலோமினம்மா அதைக் கதையாக்கிவிட்டார். “மகள் கிழட்டு யப்பான்காரனோடை ஓடிட்டாள், தாய் தாங்கேலாமல் விழுந்திட்டா” என்று என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். நான் திரும்பி, என் மகள் கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறவள், வேலைக்குப் போயிருக்கிறாள், ஓடிப்போகிறவர்களுக்கு எந்தக் கம்பனியும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுப்பதில்லை என்று சொன்னேன். அவர் கேக்கைச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பதில் பிலோமினம்மாவுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டாய்: ஒசாகாவில் இன்னும் ஐந்து வருடம் நின்று இங்கே உன் மேலதிகாரியாக இருந்த திரு. இசோமுராவின் புது விளையாட்டைச் செய்யட்டுமா என்று. நான் ஓம் என்றால் நிற்பதாகவும், இல்லை என்றால் ஜூனில் திரும்பி வருவதாகவும் சொன்னாய். நாற்பத்தொரு வயதுப் பிள்ளை அனுமதி கேட்டால் தாய் சந்தோசப்பட வேண்டும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. நீ பதினாறு வயதிலேயே அனுமதி கேட்பதை நிறுத்தியவள்.

ஆகவே விசாரித்தேன். உன்னோடு இங்கே வேலை செய்த ஸ்ரீதரனைச் சனிக்கிழமை தேநீருக்குக் கூப்பிட்டேன். சென்ட் லோரன்டிலிருந்து பனிக்குள் வந்த பிள்ளைக்கு றோல்ஸ் பொரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கேள்விகளைத் தொடங்கினேன்.

திரு. இசோமுரா பத்தொன்பது வயதில், ஒரு படகோட்டி ஆற்றைக் கடக்கும் விளையாட்டைத் தனி ஆளாக எழுதினாராம். யப்பானில் அதை விளையாடாத பிள்ளை இல்லையாம். அப்படியென்றால் அதில் அவர் பெயர் எங்கே என்று கேட்டேன். பெயர் இல்லையாம். விளையாட்டு முடிந்து, செய்தவர்களின் பெயர்கள் வருகிற இடத்தில் “நண்டு” என்று மட்டும் வருமாம். வினோஜா, நேர்மையாக உழைத்தவன் நண்டு என்று கையெழுத்து வைப்பானா? ஸ்ரீதரன் சிரித்தான். “அன்ரி, அந்தக் காலத்திலை கம்பனியள் சொந்தப் பேரைப் போட விடாது. பேர் தெரிஞ்சால் மற்றக் கம்பனி ஆளைக் கொத்திக்கொண்டு போயிடுமெண்டு பயம். எல்லாரும் பட்டப்பேர்தான்” என்றான். இருக்கலாம். ஆனாலும் நண்டு என்று தெரிவு செய்தது அவர்தானே.

பிறகு அவர் இயக்குநராக உயர்ந்தார். இயக்குநர் என்றால் கதையும் படமும் நிரலும் ஒன்றாகச் சேரும்படி பார்ப்பவராம். அப்படியிருந்தும் இரவிரவாக இருந்து தானும் நிரல் எழுதினாராம். அந்தக் கம்பனியைவிட்டு விலகினார். சொந்தமாக ஒன்று தொடங்கி மூடினார். சில வருடங்கள் ஒரு தொழிற்கல்லூரியில் படிப்பித்தார். பிறகு மொன்றியலில் உங்கள் கம்பனி. இங்கேயும், விளையாட்டு வெளிவருவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர் எழும்பிப் போனார். ஒரு வேலையிலும் நிலைக்காத மனிதரை நம்பி என் பிள்ளை ஐந்து வருடத்தைக் கொடுப்பதா என்று கேட்டேன்.

ஸ்ரீதரன் கோப்பையைக் கீழே வைத்தான். “அன்ரி, உங்களுக்குத் தெரியாதே? அவர் போனது வினோஜா அக்காவாலை” என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் நீ திருத்து. விளையாட்டு வெளிவருகிற நாளில் வேலையில் இல்லாதவர்களின் பெயர் விளையாட்டின் கடைசிப் பட்டியலில் வராது என்பது அந்தக் கம்பனியின் வழக்கமாம். நீ மூன்று வருடம் அந்த விளையாட்டில் வேலை செய்தாய். அதில் மழை பெய்வதும் தண்ணீர் ஓடுவதும் நீ எழுதியதாம். அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றியபோது வேலையை விட்டாய். உன் பெயரை எடுத்துவிட்டார்கள். திருப்பிப் போடச் சொல்லி, அதன் இயக்குநரான இவர் கேட்டார். முடியாது என்றார்கள். “என்ர பேரையும் எடுங்கோ எண்டிட்டு வெளியிலை வந்திட்டார் அன்ரி” என்றான். இப்போது அந்த விளையாட்டை முடித்துப் பார்த்தால் இயக்குநர் என்று யாருடைய பெயரும் இல்லையாம்.

எனக்கு நீ சொன்னது சம்பளத்தோடு லீவு என்று. அப்பாவுக்கும் அதையே சொன்னாய். நல்ல கம்பனி என்று கடைசி வரை அவர் வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நான் உனக்குப் பழக்கவில்லை. நான் படித்த கொன்வென்ற்றில் யாரும் எனக்கு அதைப் பழக்கவும் இல்லை. இதைப் பற்றி நேரில் கதைப்பேன்.

ஒருமுறை அவரை உயிர்த்த ஞாயிறு விருந்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தாய். அப்பாவின் படத்துக்கு முன்னால் அவர் நெடுநேரம் குனிந்து நின்றார். பார்த்தேயிராத மனிதருக்கு இவ்வளவு மரியாதை எதற்கு, இது நடிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். நீ ஏன் வேலையை விட்டாய் என்பது அந்த அறையில் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இதனால் என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. முப்பது வருடம் உழைத்த ஒரு மனிதர், இன்னொருவருடைய பெயருக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்தார் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அது நியாயமாக இருக்கலாம். அல்லது உன்மீது உள்ள அன்பாக இருக்கலாம். நியாயம் மட்டும் என்றால் என் பதில் ஓம்; நின்று வேலையைச் செய். அன்பும் என்றால் அப்போதும் நான் விழமாட்டேன். ஆனால் அவருக்கு முன்னர் குடும்பம் இருந்ததா, சரியான வயது என்ன, அவருக்கு என்ன நோய் வருத்தங்கள் இருக்கின்றன, உன்னை நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாரா, இவ்வளவும் எனக்குத் தெரிய வேண்டும். பிலோமினம்மாவுக்கு என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்கே என்னைப் பற்றி யோசிக்காதே. சிவநேசம் மேல்வீட்டிலிருந்து இரண்டு நேரமும் இறங்கி வந்து பார்க்கிறார். பனி உறைந்த படிகளில் வழுக்காமல் உப்புப் போடுவதும் அவர்தான். கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறேன்.

தேவமாதா உன் கைகளையும் கண்களையும் காப்பாராக. அப்பாவைக் கடைசி வரை பார்த்த கைகள் அவை.

தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தொலைபேசியில் நீ என்னைச் சமாளித்துவிடுவாய். தயவுசெய்து உன் பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
மேரி புஷ்பவதி யோசெப்