பனைமேட்டுக்குப்பம் கடல் அறிவிப்புக் கோப்பில் எழுதும் அனுமதி வேண்டி

அனுப்புநர்:
சி. கோதண்டராமன்,
புவியியல் ஆசிரியர் (ஓய்வு),
பனைமேட்டுக்குப்பம்,
புதுப்பட்டினம் வழி.

பெறுநர்:
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
கடலோரத் தகவல் மையங்கள் பிரிவு,
செங்கல்பட்டு.

பொருள்: தகவல் மையக் கணினியில் கடல் அறிவிப்புக் கோப்பின் அனுமதியை இன்றே மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தகவல் மையத்தில் ஒரு கணினியும் வாசலில் பெரிய திரையும் உள்ளன. வானிலைச் செய்தியைப் பார்த்து, காற்று எப்படி, அலை எப்படி, கடலுக்குப் போகலாமா என்பதைக் காலைதோறும் ஒரு கோப்பில் தட்டச்சு செய்வது என் பணி. கோப்பில் உள்ளது அப்படியே திரையில் தெரியும். இது ஊதியமில்லாப் பணி. இதுவரை எவரும் என்னிடம் பிழை சொன்னதில்லை. எவரும் படிக்கவில்லையோ என்ற ஐயம் அதனாலேயே எனக்கு உண்டு.

2. முன்பு அந்தக் கோப்பில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தது. எழுதவும் செய்தார்கள். அலையின் உயரத்துக்குக் கீழே, "எல்லப்பன் வூட்டு கல்யாணம், எல்லாரும் குடும்பத்தோட வந்துடுங்க" என்று ஒரு நாள் இருந்தது. மற்றொரு நாள், "காத்து கம்மிதான், தனக்கோடி அண்ணாத்த பேச்சுதான் புயலு" என்று இருந்தது. தனக்கோடி எங்கள் ஊர்த்தலைவர். திரையைப் படித்துவிட்டு அவர் பேசிய பேச்சு, எழுதியவர் கூற்றை மெய்ப்பிப்பதாகவே அமைந்தது.

3. ஆகவே, பொறுப்பில் உள்ளவர் மட்டும் எழுதும்படி செய்யுமாறு தங்களுக்கு விண்ணப்பித்தேன். என் ஆயுளில் எந்த மனு மீதும் அவ்வளவு விரைவாக நடவடிக்கை வந்ததில்லை. தீபாவளியன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று நான் எழுதி முடித்த சற்று நேரத்தில், விடுமுறை என்றும் பாராமல் தங்கள் உதவியாளர் திரு. ரமேஷ் வந்து கோப்பைப் பூட்டினார். பொறுப்பில் உள்ளவர் அவரே என்று தங்கள் அலுவலகம் கருதியிருந்தது. அடுத்த வாரமே அவருக்குச் செய்யூருக்கு மாறுதல் வந்தது.

4. கணினியோடு வந்த கையேட்டைப் படித்து நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறாயின் மன்னிக்கவும். ஒரு படகுக்கு உரிமையாளர் உண்டு. அதில் ஏறித் தொழில் செய்யும் பங்கு ஆட்கள் உண்டு. கரையில் நின்று பார்ப்பவர்களும் உண்டு. கோப்புக்கும் அவ்வாறே உரிமையாளர், குழுவினர், மற்றவர் என மூவகையினர். படிக்கும் அனுமதியும் எழுதும் அனுமதியும் அவரவர்க்குத் தனித்தனியே தரலாம். எங்கள் கோப்பின் உரிமையாளர் செய்யூரில் இருக்கிறார். குழுவில் ஒருவரும் இல்லை. நான் உட்பட ஊரே கரையில் நிற்கிறது.

5. விளைவு: தீபாவளி அலை அடங்கி, கடல் குளம்போல் கிடந்த நாட்களிலும் "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்றே திரை சொல்லிவந்தது. அதை நம்பி வீட்டில் இருந்தவர்களும் முதல் இரண்டு நாளோடு சரி. படகு உரிமையாளர் தாண்டவராயன், "உங்க பொட்டி பேச்ச கேட்டுகினு இருந்தா எங்க வூட்ல அடுப்பு எரியாது வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுத் தொழிலுக்குப் போனார். படகு நிறைய மீனோடு திரும்பினார். அன்றிலிருந்து திரையை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

6. ஐயா, இனி எழுதுவதே முக்கியம். நாளை விடியலிலிருந்து பலத்த காற்று வீசும், கடலுக்குச் செல்லக் கூடாது என்று இன்று காலை வானிலைச் செய்தி வந்துள்ளது. இப்போது எங்கள் திரை சொல்வது முற்றிலும் சரி. அதனால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

7. திரு. ரமேஷிடம் தொலைபேசியில் பேசினேன். "ஆபீஸ்ல இருந்து ஒரு ஆர்டர் வந்தா இங்க இருந்தே மாத்திட்றேன் சார். ஆர்டர் இல்லாம கை வெச்சா என் வேலை பூடும்" என்றார். நியாயமே. தங்கள் அலுவலகத்தை அழைத்தேன். எழுத்து மூலம் தரச் சொன்னார்கள். இம்மனுவை மையத்தின் கணினியில் தட்டச்சு செய்தேன். சேமிக்க அனுமதியில்லை என்றது. கையால் எழுதி, செங்கல்பட்டில் வேலை பார்க்கும் என் மருமகள் பானுமதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

8. வேறு வழி தோன்றாமல், பழைய வரி கண்ணில் படாமலாவது இருக்கட்டும் என்று ஒரு கோணிச் சாக்கால் திரையை மூடினேன். இத்தனை நாள் திரும்பிப் பாராதவர்கள் அதன் பிறகு கூடிவிட்டார்கள். மீன் ஏலம் விடும் யோகேஸ்வரி, "இன்னா வாத்தியாரே, பொட்டிக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். காற்றுச் செய்தியைச் சொன்னேன். அவர் ஏலக் குரலில் கரை முழுவதும் கூவினார். வடக்குப் பக்கத்துப் படகுகள் போவதில்லை என்று முடிவாயிற்று. தெற்குப் பக்கத்தார், பொட்டியின் பழைய பாட்டு என்று சிரித்துவிட்டு, விடியற்காலை புறப்பட வலைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தாண்டவராயன் தெற்குப் பக்கம்.

9. எனவே, என்னையும் யோகேஸ்வரியையும் அக்கோப்பின் குழுவில் சேர்த்து எழுதும் அனுமதியும், ஏனையோருக்குப் படிக்கும் அனுமதியும் தருமாறு திரு. ரமேஷுக்கு இன்று மாலைக்குள் ஓர் உத்தரவு அனுப்ப வேண்டுகிறேன். தேதியுடன் ஒரு புதிய வரி திரையில் தோன்றினாலே தெற்குப் பக்கத்தார் நின்று படிப்பார்கள். நான் எழுதுவதில் நம்பிக்கை இல்லையெனில், யோகேஸ்வரிக்கு மட்டுமாவது தரவும்.

உத்தரவு வரும்வரை சாக்கு திரைமீதே இருக்கும். அதைப் போர்த்தவும் எடுக்கவும் தற்போது எவருக்கும் தடையில்லை என்பதால், நான் அதன் அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறேன்.

இடம்: பனைமேட்டுக்குப்பம்
நாள்: 05.11.2025

தங்கள் பணிவுள்ள,
சி. கோதண்டராமன்