ரசமட்டக்கல்

சென்ற வாரம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். கற்பூரத் தட்டு வந்ததும் எல்லோரும் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் அந்தத் தட்டை எதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது உங்களிடமிருந்து தொற்றிய பழக்கம். நீங்கள் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. சூடத்தின் வாசனை வந்தால் எனக்குக் கோயில் நினைவுக்கு வருவதில்லை. மோகனூருக்கு மேற்கே ஒரு மேட்டுக்காடு, அங்கே ஒரு வீட்டுச் சாமி அறை, அதன் நிலைப்படியில் திகைத்து நின்றுவிட்ட நீங்கள்.

அங்கே விவசாயம் பார்க்கும் காட்டுக்காரர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். கிணற்றை ஆழப்படுத்தியபோது பாறை இடுக்கிலிருந்து களிமண்ணோடு சில கற்கள் வந்ததாகச் சொன்னார். "வெங்கச்சாங்கல்லுதானுங்க, ஆனா கண்ணாடியாட்டம் இருக்குது. உள்ள தண்ணி ஓடுதுங்க. வந்து போட்டோ புடிச்சுப் பேப்பர்ல போடோணும்." வேப்பமரத்தில் பால் வடிந்ததையும் எலுமிச்சம்பழம் தானாக உருண்டதையும் பார்க்கப் போய்ச் சலித்த செய்தியாளன் நான். நம்பாமல்தான், கல்லூரியில் நிலவியல் நடத்திக்கொண்டிருந்த உங்களை அழைத்தேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். "கல்லுக்குள்ள தண்ணி இருக்கலாமுங்க. வண்டிய எடுங்க" என்றீர்கள்.

சாமி அறையில் குங்குமம் அப்பி வைத்திருந்த படிகக் கற்களில் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தீர்கள். உள்ளே ஒரு குமிழ் அவசரமில்லாமல் மேல்நோக்கி நகர்ந்தது. கல் வளர்ந்தபோது உள்ளே அகப்பட்ட நீர் அது, நாமெல்லாம் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையது என்று சொன்னீர்கள். வாசலில் நின்ற பொக்லைன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "கொத்தனாரு செவுத்துல வெச்சுப் பாக்கற ரசமட்டமாட்டம் இருக்குதுங்க மேடம்" என்றார்.

"பேரு வெச்சுட்டீங்க பாருங்க" என்று அவரிடம் சொன்னீர்கள்.

எனக்கு அது தலைப்புக்கு உதவாத பெயராகப் பட்டது. 'கண்ணீர்க் கல்' என்று போடலாமே என்றேன். "கல்லு எதுக்குங்க அழுவுது? அதுக்கென்ன மாமியார் கொடுமையா?" என்றீர்கள். காட்டுக்காரரின் மனைவி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்கள் அவரை அக்கா என்று அழைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் அந்த அக்காவின் நிலைமை சிரிப்பதாக இல்லை. கிணறு வற்றிக் கிடந்தது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் நிச்சயம் தண்ணீர் உண்டு என்று சொன்னதால்தான் இன்னும் ஆழமாக வெட்டினார்கள். வந்தது கல். "தண்ணியே கல்லுக்குள்ள வந்து உக்காந்திருக்குது. கெணத்துக்கு வராமயா போயிரும்?" என்றார் அக்கா. அதனால்தான் கல் விற்கும் தரகர்கள் வந்து கேட்டும் தரவில்லை. தினமும் கல்லின் காலடியிலேயே சூடத்தை ஏற்றி, பிறகு குளிர்ந்த நீரை ஊற்றினார்கள்.

சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் விரிந்து கல்லைப் பிளந்துவிடும் என்று நீங்கள் சொன்னதும் காட்டுக்காரர் முகம் இறுகியது. "சாமிக்குச் சூடம் காட்ட வேண்டாம்னா எப்படிங்க?"

"காட்டுங்கண்ணா. ரெண்டு முழம் தள்ளி நின்னு காட்டுங்க, போதும்."

காரில் திரும்பும்போது, கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "அவங்க ஊட்டுல நின்னுட்டு அவங்க சாமிய நான் அதட்டறதாங்க?" என்றீர்கள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை உறவுக்காரர்கள் திரண்டு வந்திருக்கிறார்கள். ஆர்வத்தில் யாரோ பழையபடி கல்லை ஒட்டியே சூடத்தை ஏற்றிவிட்டார்கள். செய்தி கேட்டு நாம் போய்ச் சேர்ந்தபோது கற்களில் பெரியது இரண்டாகக் கிடந்தது. குங்குமத்தில் ஓர் ஈரப்பொட்டு இருந்ததாகவும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிட்டதாகவும் சொன்னார்கள். அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "போச்சுங்க டீச்சரம்மா. வந்த தண்ணி போயிருச்சு."

நீங்கள் உடைந்த கல்லைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். "அக்கா, சாமி கோவிச்சுக்கல. கல்லு சூடு தாங்கல, அவ்வளவுதான். உள்ள இருந்தது ஒரு சொட்டு. அதுக்கும் கெணத்துக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல."

"அப்பக் கெணத்துல தண்ணி வருமுங்களா?"

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் வரும் என்றுதான் சொல்லியிருப்பேன். உறவுக்காரர்கள் அனைவரும் காத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா" என்றீர்கள்.

அக்கா எழுந்து, மீதிக் கற்களை ஒரு பழைய பருத்திச் சேலையில் சுற்றி உங்கள் மடியில் வைத்தார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வந்தவிய எல்லாரும் வரும் வரும்னாங்க. தெரியாதுன்னு சொன்னது இவிய ஒருத்தருதான். இவிய கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

கல்லூரியில், வெயில் எட்டாத சுவரோர அலமாரியில் பஞ்சு வைத்த மரப்பெட்டி அந்தக் கற்களுக்கு இடமாயிற்று. பெட்டிக்கு மேலே விளக்குப் போட வந்தவரைத் திருப்பி அனுப்பினீர்கள். துறையில் சிலர் உங்கள் பெயரையே கல்லுக்குச் சூட்டலாம் என்றபோது, "நாளைக்கு அது ஒடஞ்சா, நான் ஒடஞ்சேன்னு ஊரே பேசும்" என்று மறுத்து, 'ரசமட்டக்கல்' என்று சீட்டில் எழுதினீர்கள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரும், பெயரிட்டவர் என்ற இடத்தில் பொக்லைன் ஓட்டுநரின் பெயரும் இருக்கின்றன. என் செய்தியிலும் அப்படியே எழுதவைத்தீர்கள்.

கிணற்றில் தண்ணீர் வரவில்லை. அந்த ஆண்டு அவர்கள் கரும்பு நடவில்லை. நீங்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தீர்கள். ஆராய்ச்சிக்கு என்று நினைத்து ஒருமுறை நானும் உங்களோடு வந்தேன். அக்காவோடு உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துவிட்டுத் திரும்பினீர்கள்.

இரண்டு நாளைக்கு முன் அக்கா அழைத்தார். மேட்டுக்காட்டில் போர்வெல் போடப் போகிறார்களாம். டீச்சரம்மா இருந்தால் கூப்பிட்டிருப்பேன், நீங்களாவது வாங்க என்றார். எனக்குக் கல்லும் தெரியாது, நீரோட்டமும் தெரியாது. அங்கே போய் நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். "ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. டீச்சரம்மாவும் வந்து ஒண்ணும் செஞ்சதில்லீங்க" என்றார்.

இதை அந்தக் காட்டோரத்தில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து வந்த ரிக் வண்டி காலையிலிருந்து இரைகிறது. குழாய் இறங்க இறங்கச் சாம்பல் நிறப் பொடிதான் வெளியே வருகிறது. இன்னும் ஈரம் காணவில்லை. அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக நின்று அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வருமா என்று என்னை அவர் கேட்கவில்லை. வரும் என்று சொல்ல என் நாக்கு துடிக்கிறது. சொல்லப் போவதில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு, இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நிற்கிறேன்.