பளபளப்பு வந்ததும் எடுத்துரு

நாள் 611, காலை

செவ்வாய் கிரகம், கீழ்ச்சரிவுக் குடியிருப்பு, வீடு 9. எழுதுபவன் நாச்சிமுத்து. வேலை, காற்று வடிகட்டி பராமரிப்பு. வீட்டில் கைத்தொழில், ஸ்டிக்கர்.

வெள்ளை மையைக் குலுக்கினேன். இல்லாவிட்டால் அடியில் தங்கிவிடும். ஃபிலிமில் பெயர் அச்சானது. ஈரம் காயுமுன் பசைப் பவுடர் தூவி, அடுப்பில் உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் வைத்து உடையின் முதுகில் அழுத்தினேன். ஆறியதும் ஃபிலிமை உரித்தேன். ஓரம் எங்கும் தூக்கவில்லை.

வெளியே எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே முகக்கண்ணாடி. புருஷனுக்குப் பெண்டாட்டியைத் தெரிய வேண்டுமானாலும் என் ஸ்டிக்கரைத்தான் பார்க்க வேண்டும். பின்னால் இங்கே வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நாள் 618, மாலை

புதுக் கப்பலில் நிவேதிகா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். ஈரோட்டுப் பெண். வீடு 14-இல் அவளும் ஒரு பிரிண்டரைப் போட்டுவிட்டாள். அவள் ஸ்டிக்கரில் பெயருக்கு மேல் மயில்; தோகைக்குள் கட்டம் கட்டமாக ஒரு குறி. ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி அந்தக் குறியைப் படித்து, ஏறியவர்களைத் தானே எண்ணிக்கொள்கிறது. இதுவரை ஓட்டுநர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுவார். இனி ஓட்டுநரே தேவையில்லையாம்.

ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. நேற்று முளைத்த காளான். மயில் கழுத்தில் அந்த நீலத்தை எப்படிக் கொண்டுவந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

நாள் 620, நண்பகல்

வீடு 14-இலிருந்து அழைப்பு.

"நாச்சிமுத்தண்ணா, ஒண்ணு கேக்கோணுங்க. ஊர்ல பவுடர் பளபளன்னு வந்ததும் அடுப்புலருந்து எடுத்துருவோம். இங்கயும் அப்படித்தானுங்களா?"

இங்கே அப்படி இல்லை. வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைவு. மேலே பளபளத்துவிடும், அடியில் பவுடர் பவுடராகவே கிடக்கும். பளபளப்பு வந்த பிறகும் இன்னொரு மடங்கு நேரம் வேக வேண்டும். எத்தனையோ உடைகளைப் பாழாக்கி நான் கற்றுக்கொண்டது இது.

என் பதில்: "அதேதாம்மா. பளபளப்பு வந்ததும் எடுத்துரு."

"ரொம்ப நன்றிங்ணா. நீங்கதான் இங்க பெரியவருன்னு எல்லாருஞ் சொன்னாங்க."

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? நாலு பேர் முதுகில் மயில் உரிந்து தொங்கட்டும். அப்போது வீடு 9 எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் நினைவு வரும்.

நாள் 624, மாலை

என் மனைவி கோகிலவாணி வெளியே பனிக்கட்டி தோண்டும் அணியில் இருக்கிறாள். உடை மாற்றும் அறையிலிருந்து பேசினாள்.

"மாமா, எங்க டீமுல எல்லாத்துக்கும் மயில் போட்டாச்சு. உங்க ஸ்டிக்கரச் சொரண்டிச் சொரண்டிப் பார்த்தும் வரலீங்க, அதுக்கு மேலயே ஒட்டிட்டாங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. ஆனா அழகா இருக்குதுங்க மாமா."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த 'அழகா இருக்குது' காதில் விழுந்ததும் மூடிக்கொண்டேன். என் ஸ்டிக்கரை அவள் ஒரு நாளும் அழகு என்று சொன்னதில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாள் 629, காலை

புழுதிப் புயல். வெளியே போன அணியைத் திருப்பி அழைத்தார்கள். ரேடியோவில் இரைச்சல். வண்டியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "எட்டுப் பேர் ஏறியாச்சு. ஆள் குறைவில்லை. கதவு மூடப்பட்டது."

இறங்கியது ஏழு பேர்.

கோகிலா இல்லை. கடைசியாக ஒருவரைப் படியில் தூக்கிவிட்டாளாம். அப்போது கதவுச் சட்டத்தில் முதுகு உரசி மயில் உள்ளே விழ, அவள் ஏறுமுன் கதவு மூடியிருக்க வேண்டும். வண்டிக்குள் தரையில் ஒரு மயில் கிடந்தது, அவள் பெயரோடு. வண்டி அதைத்தான் எட்டாவது ஆள் என்று எண்ணியிருக்கிறது.

அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தேன். ரவை போல உதிர்ந்தது.

நிவேதிகா அழுதாள். "பளபளன்னு வந்தப்பறம்தானுங்ணா எடுத்தேன்! எப்படிங்ணா உரிஞ்சுது?"

மயிலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நாள் 629, நண்பகல்

கோகிலாவிடம் உள்ள காற்று மாலை வரைக்கும்தான்.

தேட ஆறு பேர் கிளம்பினார்கள், நிவேதிகாவும் கூட. நானும் ஓடினேன். வண்டிக் கதவு என்னை உள்ளே விடவில்லை: "அடையாளம் இல்லை." என் முதுகில் என் ஸ்டிக்கர்தானே. நிவேதிகாவின் மயிலைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன் நான்.

கதவு மூடிய பிறகுதான் உறைத்தது. போகிற ஆறு பேர் முதுகிலும் அதே மயில். அதே வேகாத பசை.

ரேடியோவில் கத்தினேன். "நிவேதிகா, நான் பொய் சொன்னேன். இன்னொரு மடங்கு நேரம் வேகணும்மா. உன் மேல எரிச்சல்ல சொல்லாம விட்டேன். வண்டி சொல்ற கணக்க நம்பாதீங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுங்க. கேக்குதா?"

இரைச்சல். மறுபடியும் சொன்னேன். இரைச்சல்.

நாள் 629, மாலை

வண்டி நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை யார் எடுத்தாலும் முதலில் பசை விஷயத்தைப் படியுங்கள், என்னைத் திட்டுவது பிறகு.

வண்டியின் குரல் வந்தது: "ஆறு பேர் ஏறியாச்சு. ஆள் குறைவில்லை. கதவு மூடப்பட்டது."

கோகிலாவின் மயில் என் சட்டைப் பையில் இருக்கிறது. அவள் ஏறியிருந்தாலும் வண்டி எண்ணாது. உள்ளே இருப்பாள். அந்த ஆறு, ஆறு ஆட்களாகத்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

பழைய ஓட்டுநரைப் போல ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன். "கோகிலா. நிவேதிகா. யாராச்சும் ஒருத்தர் பேசுங்க." வண்டிதான் பேசுகிறது. ஆள் குறைவில்லை. ஆள் குறைவில்லை.

விளக்கு தெரிகிறது. வந்துவிட்டது. நின்றுவிட்டது.

கதவு திறந்தது. உள்ளே தரையெல்லாம் நீலமாக, உரிந்த மயில்கள்

யாரும் இன்னும் இறங்க