மிஸ்டர் பார்வதிக்கு அரைப்பேர்

என் அன்பான அம்மாவுக்கு,

ஹட்டனில் மழை விடவில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு வீட்டில் எதையும் இடம் மாற்றவில்லை. ஜன்னலோரத்து ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளை மட்டும் துணியால் துடைத்தேன். அப்போதாவது அழுகை வரும் என்று நினைத்தேன். விரலில் கொஞ்சம் சிவப்புப் பெயின்ட் உதிர்ந்து ஒட்டியது, அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து ஒருவர், உங்கள் பழைய பள்ளிக்கூட விலாசத்தைப் பிடித்து விசாரித்து, எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் போர் விளையாடுகிறவர்களுக்காக அந்தக் காலத்தில் ஒரு சின்னச் சஞ்சிகை வந்ததே, அதில் வந்த விமர்சனங்களைப் புத்தகமாகப் போடுகிறாராம். "உங்கள் தந்தை திரு. பார்வதி எழுதியவைதான் இவற்றில் மிகக் கறாரானவை" என்கிறார்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட டீச்சரான நீங்கள் இதில் எப்படி மாட்டினீர்கள் என்பது நம் உறவுக்காரர்களுக்கு இன்றும் விளங்கவில்லை. இங்கிலாந்து திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் பிள்ளைகளுக்கென்று விட்டுப்போன பெட்டியில் சிப்பாய்களோடு அந்தச் சஞ்சிகையும் கிடந்தது. அதிலிருந்த விளையாட்டு விதிகளைப் படித்தவுடன் சஞ்சிகை ஆசிரியருக்கு எழுதினீர்கள்: மேட்டில் ஏறும் குதிரைக்கும் இறங்கும் குதிரைக்கும் ஒரே வேகமா? இதை எழுதியவர் மலையைப் பார்த்திருக்கிறாரா? பதிலுக்கு ஒரு பார்சல் வந்தது. புதுச் சிப்பாய்கள், விமர்சனம் எழுதித் தரச் சொல்லி. கூட இருந்த கடிதம் "டியர் மிஸ்டர் பார்வதி" என்று தொடங்கியது.

அதன் பிறகு அப்பாவின் வாய் சும்மா இருக்கவில்லை. "மிஸ்டர் பார்வதி, டீ குடிக்கிறீங்களா?"

"ஊத்துங்க. சீனியக் கொறச்சுப் போடுங்க." பூதக்கண்ணாடியிலிருந்து நீங்கள் தலை நிமிரமாட்டீர்கள்.

நான் ஒரு தடவை கேட்டேன். "ஏம்மா, பொம்பளைன்னு எழுதிப் போட வேண்டியதுதானே?"

"எழுதுனா அடுத்த பார்சல் வராது புள்ள. மிஸ்டரா இருந்தா இருந்துட்டுப் போறேன்."

பயந்தீர்களா? ரசித்தீர்களா? சிரிப்பு ஒன்று வந்தது ஞாபகம். அது எந்தச் சிரிப்பு?

அந்தப் பொம்மைகளை நான் பெரிதாக மதித்ததில்லை. இத்தனை வருஷம் போர் நடந்த இலங்கையில் இருந்துகொண்டு போரை மேசையில் வைத்து விளையாடுவதை எப்படி மதிப்பது? நீங்களும் விளையாடியதில்லை. வளைந்த துப்பாக்கி, வார்ப்பு அச்சின் கோடு தெரிகிற கழுத்து, ஒரு படை முழுவதற்கும் ஒரே முகம். செய்த வேலை சரியா என்று மட்டும்தான் பார்த்தீர்கள்.

சரியில்லாத வேலைக்கு நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியது "ஹாஃப் நேம்". புத்தகம் போடும் அந்த மனிதருக்கு அது விளங்கவில்லை. அச்சுப்பிழை போலிருக்கிறது, "அரை மதிப்பெண்" என்று திருத்தட்டுமா என்று கேட்கிறார்.

விளங்காதுதான். நம் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதுதான் முழு நாள் சம்பளம். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் கணக்கில் அரைப்பேர்தான் விழும், நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த அந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் இத்தனை காலம் என்னவென்று நினைத்துப் படித்தார்களோ?

தம்பியிடம் சொன்னேன். அவன் கடையில் கூட்டமில்லை, சாவகாசமாகக் கேட்டான்.

"விடுக்கா. பேரு அம்மாவோடதுதானே போகுது? மிஸ்டர்னு இருந்தா என்னா இப்ப?"

"சரி. ஒன் கடை போர்டுல ஒன் பேருக்கு முன்னால திருமதின்னு எழுதச் சொல்றேன்."

"ஐயோ, பஜாரே சிரிக்குமேக்கா!"

"பேரு ஒன்னோடதுதானே?"

 அவன் ஒரு தேநீரை என் பக்கம் தள்ளினான். பிறகு மெதுவாக, "அம்மாவே திருத்தலியேக்கா" என்றான்.

அதுதான் என்னையும் பிடித்து நிறுத்துகிறது. நீங்கள் விரும்பி வைத்துக்கொண்ட மறைப்பை எடுக்க நான் யார்?  ஒன்று மட்டும் தெரியும். பார்சல் நின்றுபோகும் என்ற கவலை இனி உங்களுக்கு இல்லை. அந்தப் புத்தகத்தில் பேர் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். இதற்கு நீங்களே என்ன போட்டிருப்பீர்கள் என்றும் தெரியும்.

அதனால் எழுதிவிட்டேன், அம்மா. 'ஹாஃப் நேம்' அச்சுப்பிழை இல்லை, ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது. 'மிஸ்டர்'தான் பிழை, அதைத் திருத்துங்கள். எழுதியவர் என் தாய். இனித்தான் அனுப்ப வேண்டும்.  

புத்தகத்தில் நீங்கள் நீங்களாக வந்தால் அதைச் சிப்பாய்களுக்குப் பக்கத்தில் வைப்பேன். மிஸ்டராக வந்தால் வாசற்படி ஏற்றமாட்டேன். அவர்கள் அரைப்பேர் போட்டால் நான் கைநீட்டி வாங்கமாட்டேன் அம்மா, இது உங்களுக்குத் தரும் வாக்கு.

இப்படிக்கு,
பார்வதி டீச்சரின் மூத்த மகள்